‘மெய்யே?’ என்று கேட்க ஆளில்லை

கொழும்பின் பம்பலப்பிட்டியில் இரவில் கரண்ட் போனால் இப்போது கேட்பது ஒரே சத்தம்தான். மாடிவீட்டுத் தொகுதிகளின் அடியில் ஜெனரேட்டர்கள் உறுமத் தொடங்கும். கொஞ்ச நேரத்தில் விளக்குகள் திரும்ப எரியும். மனிதக் குரல் ஒன்றும் கேட்காது. காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் ஓடும் இந்த ஒழுங்கைகளில் ஓட்டு வீடுகளும் மதிலோரத்து மாமரங்களும் இருந்த நாளில், விளக்கு அணையும் கணத்துக்கென்று ஓர் ஓசை இருந்தது. ஒரு வீட்டில் "எட சிவனே!" என்பார்கள். அடுத்த வீட்டில் "சேசு மரி சூசை!" எதிர்ப்பக்கத்தில் "யா அல்லாஹ்!" மூலை வீட்டுச் சிங்கள மாமி "அப்போயி!" என்பா. பறங்கியர் வீட்டுக் கிழவர் "குட் கிரேஷஸ்!" என்பார். கண் தெரியாத இருட்டில் யார் யார் வீட்டில் நிற்கிறார்கள், என்ன சமயம், எந்த ஊர், ஏறக்குறைய என்ன வயது என்பதெல்லாம் காதுக்குத் தெரிந்துவிடும்.

2022 மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் இல்லாமல் நாடு கிடந்தது. பழைய ஓசை அப்போதாவது திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. எழுத்துகளால் பிரித்த வலயங்களுக்கு நேர அட்டவணை கொடுத்துத்தான் வெட்டினார்கள். எல்லோரும் கைபேசியில் மணியைப் பார்த்தபடி இருட்டுக்குக் காத்திருந்தார்கள். காத்திருந்து வரும் இருட்டுக்கு ஒருவரும் ‘எட!’ சொல்வதில்லை.

இந்த இரங்கல் ‘ஐயோ’வுக்கு எழுதப்படவில்லை. ஐயோ உயிரோடு இருக்கிறது. 2016இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்குள்ளும் அதற்கு இடம் கிடைத்தது. சாவு வீட்டுக்கும் ஐயோ, பஸ் தவறினாலும் ஐயோ. நான் இழந்தவையாகக் கருதுபவை அதற்குப் பக்கத்தில் இருந்த சிறிய, சாதுவான வியப்புச் சொற்கள்: எட, மெய்யே, சிவசிவா, அட கோதாரி, என்ர அம்மாளாச்சி, அப்பனே சந்நிதியானே. ஒருவரையும் நோகச் செய்யாத சொற்கள் அவை. பெரிய துக்கத்துக்கும் பெரிய சந்தோசத்துக்கும் உதவாதவை. பகல் மூன்று மணிக்குக் கேற்றடியில் நின்று கேட்கும் புதினத்துக்கென்றே இருந்தவை.

புதினம் என்ற சொல்லை இங்கே வேண்டுமென்றுதான் எழுதுகிறேன். ஈழத்தவர் சந்தித்தால் முதலில் கேட்பது "என்ன புதினம்?" என்றுதான். கேட்டவருக்கு ஒரு பொறுப்பும் உடனே வந்துவிடும். சொல்பவர் சொல்லச் சொல்ல, கேட்பவர் தன் பங்கைச் செலுத்த வேண்டும். எங்கள் அம்மம்மா இதில் தேர்ந்தவர். வடமராட்சியில் பிறந்து, கல்யாணத்தோடு கொழும்புக்கு வந்து, சாகும்வரை பம்பலப்பிட்டி ஒழுங்கை ஒன்றில் இருந்தவர். பக்கத்து வீட்டு மாமி மதிலுக்கு மேலால் தொடங்குவா.

"உவன் என்ர தம்பியின்ர பெடியனுக்கு லண்டனில வேலை கிடைச்சிட்டுதாம்."

"எட!"

"ஓம். அதுவும் பாங்கில."

"மெய்யே?"

"ஆனால் பெடியன் போகமாட்டன் எண்டு நிக்கிறான்."

"என்ர அம்மாளாச்சி! ஏனாம்?"

"இஞ்ச ஒரு பிள்ளையை விரும்பிப்போட்டானாம்."

"சிவசிவா…"

இந்த நான்கும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போடக்கூடியவை என்று நினைத்தால் பிழை. ‘எட’ என்பது வாசலைத் திறப்பது. சொல்லு, கேட்கிறேன் என்று பொருள். ‘மெய்யே’ சொன்னவரைச் சந்தேகிப்பதில்லை. இன்னும் கொஞ்சம் விரித்துச் சொல்லத் தூண்டும். அம்மாளாச்சியைக் கூப்பிட்டால் கதை திரும்பிவிட்டது என்பதைக் கேட்பவர் புரிந்துகொண்டார் என்று அர்த்தம். ‘சிவசிவா’வின் கடைசி எழுத்தை இழுத்து, குரலைத் தாழ்த்தி முடித்தால், இனி இதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை, கடவுள் பார்த்துக்கொள்ளட்டும் என்பதாகும். அம்மம்மா தன் கருத்தென்று ஒரு வாக்கியமும் சொல்லியிருக்க மாட்டார். மாமி நிறைந்த மனதோடு வீட்டுக்குள் போவா.

தமிழ் இதை ஆதியிலேயே கவனித்திருக்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் வியப்பை மருட்கை என்று பெயரிட்டு, அது பிறக்கும் இடங்களாகப் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்ற நான்கைச் சொல்கிறது. சிறுமையும் அதில் ஒன்று என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. யானையைக் கண்டு வியப்பதைப் போல எறும்பின் கண்ணைக் கண்டும் மனிதன் வியப்பான் என்று அந்த ஆசிரியருக்குத் தெரிந்திருக்கிறது. உரியியலில் ‘ஐ’ என்ற ஓரெழுத்துக்கு அவர் வியப்பு என்று பொருள் தருகிறார். ஐஸ்கிறீம் வண்டியைக் கண்ட பிள்ளை "ஐ!" என்று கத்தும்போது, இலக்கணம் படிக்காமலே அதே எழுத்தைத்தான் சொல்கிறது. ‘அம்ம’ என்ற இடைச்சொல் எதிரே நிற்பவரைக் கேட்கச் செய்வது என்பதும் தொல்காப்பியத்தில் உண்டு. உணர்ச்சிச் சொல் ஒருவர் நெஞ்சிலிருந்து தானாக வெடிப்பது மட்டும்தான் என்று நினைத்திருந்தால் அப்படி ஒரு விதி வந்திருக்காது. கேட்பவர் ஒருவர் இருக்கிறார் என்ற நினைப்பில்தான் அது எழுதப்பட்டிருக்கிறது.

இந்தச் சொற்களில் பாதிக்குமேல் உண்மையில் கூப்பிடுதல்தான். ஐயோ, அம்மோ, அப்பாடா எல்லாம் வீட்டுப் பெரியவர்களைக் கூப்பிடுபவை. அதற்கு அடுத்தபடி ஊர்த் தெய்வம். இங்கேதான் கொழும்புக்கு ஒரு தனிச் சிறப்பு இருந்தது. ஊரில் எல்லோரும் ஒரே சாமியைக் கூப்பிடுவார்கள். கொழும்பு ஒழுங்கையில் ஒவ்வொரு வீடும் தான் விட்டுவந்த ஊரைக் கூப்பிட்டது. "சந்நிதியானே!" என்றால் தொண்டைமானாற்றுப் பக்கம். "நல்லூர்க் கந்தா!" என்றால் யாழ்ப்பாணப் பட்டினமும் சுற்றுப்புறமும். "நாகபூசணித் தாயே!" என்றால் தீவார். "மாமாங்கப் பிள்ளையாரே!" என்றால் மட்டக்களப்பு. "மடு மாதாவே!" என்றால் பெரும்பாலும் மன்னார். அறிமுகமில்லாத ஒருவரிடம் எந்த ஊர் என்று கேட்பது எங்கள் பழக்கம். அதற்குள் சாதியையும் மோப்பம் பிடிக்கும் கெட்ட வழக்கம் கலந்திருந்ததை மறைக்க முடியாது. ஆனால் கை தவறிக் கோப்பை விழும்போது வாயில் வந்த பெயருக்கு அந்தக் கள்ளம் இருக்கவில்லை.

ஆங்கிலத்தில் சாதுவான வியப்புச் சொற்கள் பிறந்த கதை வேறு. கடவுளின் பெயரை வீணாக எடுக்கக்கூடாது என்ற கட்டளை அங்கே சட்டமாகவே ஆனது. 1606இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம், நாடகத்தில் கடவுள் பெயரை இழிவாகச் சொன்னால் 10 பவுண் தண்டம் என்று விதித்தது. மேடையிலும் வீட்டிலும் மனிதர்கள் வாயை மாற்றிக்கொண்டார்கள். கோஷ், கொலி இரண்டும் கோட் என்ற சொல்லின் முகமூடிகள். கிரைக்கி என்பது கிறைஸ்டின் முகமூடி. ‘குட் கிரேஷஸ்’ கடவுளை வெளியே விட்டுவிட்டு அவருடைய அருளை மட்டும் கூப்பிடும். பம்பலப்பிட்டியின் பறங்கியர் வீடுகளிலும், ஆங்கிலப் பள்ளிக்கூடங்களில் படித்த தமிழ் அப்புக்காத்துமார், டாக்குத்தர்மார் வீடுகளிலும் இந்தச் சொற்கள் நல்ல மரியாதையோடு வாழ்ந்தன. தும்முல்லைச் சந்தியடியில் 1908இல் தொடங்கிய டச்சுப் பறங்கியர் சங்கத்தின் மண்டபம் இன்றும் இருக்கிறது. ‘குட் கிரேஷஸ்’ சொன்னவர்களில் பெரும்பகுதி, 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்த பிறகு, அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிவிட்டது.

தமிழருக்குக் கடவுள் பெயரை எடுக்கத் தடை இருக்கவில்லை. எத்தனை முறை சொன்னாலும் புண்ணியம்தான். கொட்டாவிக்கும் "சிவனே", முழங்கால் நோவுக்கும் "முருகா". எங்கள் பயம் வேறோரிடத்தில் இருந்தது: வாயால் சொன்ன கெடுதல் பலித்துவிடும் என்பதில். அந்தப் பயம் ஓர் அற்புதமான சொல்லைப் படைத்தது. பேரன் மதிலேறிக் குதித்து முழங்காலை உரசிக்கொண்டு வந்தால் ஆச்சிக்கு வாயில் வருவது ‘நாசமாய்ப் போவான்’ என்ற வசவு. அது வெளியே வருவதற்குள் மனம் தடுக்கும். வந்து விழுவது ‘நாசமறுவான்’. நாசம் அறுந்து போகட்டும், உனக்கு ஒரு கெடுதலும் வராமலிருக்கட்டும் என்பதே அதன் பொருள். வசவின் ஓசை அப்படியே இருக்கும், உள்ளே ஆசீர்வாதம். ஆங்கிலேயர் கடவுளின் பெயரை மறைத்தார்கள். எங்கள் கிழவிகள் சாபத்தின் பல்லைப் பிடுங்கிவிட்டு ஏசினார்கள். இந்த ஒரு சொல்லுக்காகவே அவர்களைக் கைகூப்பத் தோன்றுகிறது.

கோதாரியின் கதை இன்னும் ஆழமானது. அது கொள்ளைநோயின் பெயர். 19ஆம் நூற்றாண்டில் வாந்திபேதி யாழ்ப்பாணத்துக் கிராமங்களைத் திரும்பத் திரும்பத் தாக்கியது. மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்த காலம் அது. அந்தத் தலைமுறைக்குக் கோதாரி என்ற சொல் எவ்வளவு பயங்கரமாக ஒலித்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். நோய் அடங்கிய பிறகு சொல் மட்டும் தங்கியது. மெல்ல மெல்ல விஷம் இறங்கியது. அம்மம்மாவின் காலத்தில், மா இடிக்கும்போது உலக்கைப் பூண் கழன்றாலும் "அட கோதாரி", எதிர்பாராமல் விருந்தாளி வந்து நின்றாலும் "அட கோதாரி, நீரே!" அந்த இரண்டாவதில் சந்தோசம்தான் இருந்தது. தன்னைக் கொன்ற நோயின் பெயரைக் கொண்டு விருந்தாளியை வரவேற்கும் அளவுக்கு ஒரு சமூகம் தேறி வந்திருக்கிறது. கோதாரி இன்றும் ஊரில் கேட்கிறது. கொழும்பில் பிறந்த பிள்ளைகளிடம் அது இல்லை.

கத்தோலிக்கரிடம் நடந்தது வேறு. கொட்டாஞ்சேனையிலும் கொச்சிக்கடையிலும் பம்பலப்பிட்டியிலும் "சேசு மரி சூசை" என்பது ஒரே மூச்சில் வரும் ஒரே சொல். பல்லி விழுந்தாலும் அதுதான். 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் பூசை மக்கள் மொழிக்கு வந்தது. அது பெரிய கொடை. பின்னால் திருத்தமான தமிழும் வந்தது. 1995இல் வெளிவந்த விவிலியப் பொது மொழிபெயர்ப்பில் இயேசுவும் யோசேப்பும்தான் இருக்கிறார்கள். சேசுவும் சூசையும் பழைய செபப் புத்தகங்களோடு நின்றுவிட்டார்கள். மொழிபெயர்ப்பாளர்களில் பிழையில்லை. ஆனால் ‘இயேசு மரியா யோசேப்பு’ என்று பல்லியைக் கண்டு ஒருவராலும் அலற முடியாது. அதற்கு மூச்சுப் போதாது. கொச்சிக்கடையில் செவ்வாய்க்கிழமைகளில் சமயபேதம் இல்லாமல் கூடும் கூட்டத்தில் "அந்தோனியாரே" மட்டும் இன்னும் கேட்கிறது. அது வேண்டுதலின் குரல், வியப்பின் குரல் இல்லை.

முஸ்லிம் வீடுகளில் "யா அல்லாஹ்", "ரப்பே" நிலைத்திருக்கின்றன. மறைந்தது "யா முஹியித்தீனே!" 1166இல் பக்தாதில் காலமான சூஃபி ஞானி அப்துல் காதிர் ஜீலானி அவர்களைக் கூப்பிடுவது அது. பலாங்கொடைக்குப் பக்கத்துக் கூரகல மலையில் ஜெய்லானி பள்ளி இருப்பதும் அவர் நினைவால்தான். வயதான உம்மம்மாக்கள் படி இறங்கும்போது கால் தடுக்கினால் அந்தப் பெயர் வந்து தாங்கும். அல்லாஹ்வைத் தவிர வேறொருவரைக் கூவி அழைப்பது கூடாது என்ற சீர்திருத்தப் போதனை பரவ, பிள்ளைகள் தாய்மாரைத் திருத்தினார்கள். சமய நியாயத்துக்குள் நான் போகவில்லை. ஒரு பெயர் படிக்கட்டுகளிலிருந்து போய்விட்டது என்று மட்டும் சொல்கிறேன்.

இவை தனித்தனிப் பெட்டிகளில் இருந்தவையும் இல்லை. தமிழ்ப் பெண்கள் சிங்களத்தின் ‘அனே’யை வீட்டுக்குள் எடுத்துக்கொண்டார்கள், இரக்கமும் கொஞ்சலும் கலந்த அதற்கு ஈடான தமிழ்ச் சொல் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. நல்ல சேலையைக் கண்டால் ‘ஷா!’ என்பதும் அங்கிருந்து வந்ததுதான். ‘அம்மோ’வும் ‘ஐயோ’வும் இரு மொழிக்கும் பொதுச்சொத்து. இதெல்லாம் ஒருசேரக் கேட்ட இடம் ஆடிவேல் விழா. செட்டியார் தெருவிலிருந்து வெள்ளித் தேர் காலி வீதி வழியே பம்பலப்பிட்டிக்கு வரும்போது, கரும்புக் கட்டுகளும் கடலைக் கடைகளும் நிறைந்த வீதியின் இருபுறமும் நிற்பவர்களில் எல்லா இனத்தாரும் இருந்தார்கள். தேர் திரும்பும் கணத்தில் எழும் ஒலியில் முருகா, அம்மோ, ஷா, மை வேர்ட் எல்லாம் கலந்திருக்கும்.

அந்தக் கலவையை வானொலி பதிவும் செய்தது. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் ‘கோமாளிகளின் கும்மாளம்’ தொடரில் எஸ். ராம்தாஸ் மரைக்காராகவும், ரி. ராஜகோபால் அப்புக்குட்டியாகவும், செல்வசேகரன் உபாலியாகவும், அப்துல் ஹமீத் ஐயராகவும் பேசினார்கள். முஸ்லிம் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், சிங்களவர் பேசும் தமிழ், பிராமணத் தமிழ் என்று நான்கும் ஒரே கூரையின் கீழ் முட்டிக்கொள்ளும். 1976இல் அது ‘கோமாளிகள்’ என்ற படமாகவும் வந்தது. வயிறு குலுங்கச் சிரித்த மக்களுக்கு அது தங்கள் ஒழுங்கைதான் என்று தெரிந்திருந்தது. ஏழு வருடத்தில் அந்த ஒழுங்கை எரிந்தது.

1983 ஜூலையைப் பற்றி இங்கே விரித்து எழுத மாட்டேன். பம்பலப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும் தமிழ் வீடுகள் எரிந்தன; பள்ளிக்கூடங்களும் கோவில்களும் அகதி முகாம்களாயின; ஆயிரக்கணக்கானோர் கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனார்கள். அந்த நாட்களில் ஐயோ ஒன்றுக்கே வேலை இருந்தது. பிறகு ரொறன்ரோ, லண்டன், மெல்பேண் என்று போனவர்களோடு ‘மெய்யே’யும் போயிற்று. போரால் வடக்கிலும் கிழக்கிலும் இருந்து வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தவர்கள் தங்கள் சொற்களைக் கொண்டுவந்தார்கள். ஆனால் லொட்ஜ் அறையிலும் சோதனைச் சாவடியிலும் உரக்கத் தமிழ் பேசப் பயமிருந்தது. வியப்புச் சொல் தாழ்ந்த குரலில் வாழாது. பயந்தவன் வாய்விட்டு வியக்க மாட்டான். தன்னைக் காட்டிக்கொடுக்கும் முதல் சொல் அதுதான் என்று அவனுக்குத் தெரியும்.

எழுத்தும் இவற்றுக்குக் கைகொடுக்கவில்லை. 1960களில் ஈழத்து எழுத்தாளர்கள் பேச்சுத்தமிழைக் கதைக்குள் கொண்டுவந்தபோது, பண்டிதர் தரப்பு அதை இழிசனர் வழக்கு என்று ஒதுக்கியது. எழுத்தாளர்கள் வென்றார்கள், எனினும் ‘மெய்யே’ என்று அச்சிட்டால் அதன் இழுவை தாளில் வராது. கேள்வியா, ஆச்சரியமா, செல்லமா என்பது அந்த ஏகாரத்தின் நீளத்தில் இருக்கிறது.

இதற்கெல்லாம் பிறகும் சொற்கள் தப்பியிருக்கலாம், புதினம் தப்பியிருந்தால். செய்தி இப்போது ஆளில்லாமல் வருகிறது. லண்டனில் பெடியனுக்கு வேலை கிடைத்தது வைபர் குழுவில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்துவிடுகிறது. ஒருவரும் ஒருவருக்கும் சொல்லவில்லை; ஆகவே ஒருவரும் ஒருவரையும் கேட்கவில்லை. கைதட்டும் மஞ்சள் முகங்கள் வரிசையாக விழும். மாடித்தொகுதியின் லிஃப்டில் மாமியைக் கண்டால், தெரிந்ததை மறுபடி சொல்ல அவவுக்கும் கூச்சம், கேட்க எங்களுக்கும் அவசரம். பிள்ளைகள் "ஓ மை கோட்" சொல்வதில் எனக்குக் கோபமில்லை. அவர்களும் கடவுளைத்தான் கூப்பிடுகிறார்கள். ஆனால் எட, மெய்யே, அம்மாளாச்சி, சிவசிவா என்ற நான்கு படிகளின் வேலையை அந்த ஒன்று தனியே செய்ய முடியாமல் திணறுகிறது. தொடக்கத்திலேயே உச்சிக்குப் போய்விட்டால் கதை சொல்பவர் பிறகு எங்கே ஏறுவது?

பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1940இல் வெளியிட்ட ‘நானாடகம்’ யாழ்ப்பாணப் பேச்சை அப்படியே மேடைக்குக் கொண்டுவந்தது. அதிலுள்ள நான்கு நாடகங்களில் ஒன்றின் பெயரே ‘நாட்டவன் நகர வாழ்க்கை’. அதை வாய்விட்டுப் படிக்கத் தெரிந்த எழுபது வயதைத் தாண்டியவர்கள் காலி வீதியின் இருபுறத்து மாடிகளிலும் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து இந்தச் சொற்களைச் சேர்க்க நினைக்கும் மாணவர்கள் கேள்விக்கொத்தோடு போக வேண்டாம். "அந்தக் காலத்தில் ஆச்சரியப்பட்டால் என்ன சொல்வீர்கள்?" என்று கேட்டால் "ஒண்டும் சொல்ல மாட்டம், பிள்ளை" என்றுதான் பதில் வரும், அவர்கள் பொய் சொல்லவில்லை, தனியே நினைத்தால் அந்தச் சொற்கள் வராது. ஒரு புதினத்தோடு போக வேண்டும். கல்யாணம் குழம்பியது, காணி விலைப்பட்டது, வெள்ளவத்தைச் சந்தையில் இன்றைக்கு விளைமீன் என்ன விலை என்பது, எதுவானாலும் சரி. ஒலிப்பதிவை ஓடவிட்டு, கைபேசியைக் கவிழ்த்து வைத்து, பிளேன்ரீ வரும்வரை பொறுத்து, கதையைப் பாதி சொல்லி நிறுத்த வேண்டும்.